வீட்டிலேயே சொந்த ஸ்டோரேஜ் சர்வர்.. காசை எதில் போடணும், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

"ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது" என்ற எச்சரிக்கையை போனில் பார்க்காதவர்கள் குறைவு. அளவில்லாத இலவச சேமிப்பை 2021 ஜூன் 1-ம் தேதி முதல் கூகுள் போட்டோஸ் நிறுத்திவிட்டது. இப்போது இலவசம் 15 ஜிபி மட்டுமே. ஜிமெயில், டிரைவ் எல்லாம் அதற்குள்தான். கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் நடை, ஸ்கேன் செய்த பத்திரங்கள் என சேர்ந்துகொண்டே போகும்போது, வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்தால் என்ன என்ற யோசனை பலருக்கும் வருகிறது. அதற்கு என்னென்ன வாங்கணும்? பார்க்கலாம்.

நாஸ் என்றால் என்ன?

நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கமே நாஸ். ரவுட்டரோடு இணைத்து, எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்குகளை வீட்டில் உள்ள போன், லேப்டாப், டிவி எல்லாமே பயன்படுத்தலாம். சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் இதை ரெடிமேடாக விற்கின்றன. பாகங்களை வாங்கி நாமே சேர்த்தும் செய்யலாம். ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால் செலவு முழுக்க பாகங்களுக்கு மட்டும்தான்.

பிராசஸரில் காசைக் கொட்ட வேண்டாம்

கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது போல பலரும் பிராசஸரில் இருந்து தொடங்குகிறார்கள். நாஸுக்கு அது தேவையில்லை. வீடுகளில் இருக்கும் கிகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 125 எம்பி தான் போகும். நடைமுறையில் 110 எம்பி கிடைத்தாலே நல்ல வேகம். இன்றைய பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றே அதைவிட வேகமாகப் படிக்கும். தடை வயரில் இருக்கும்போது, விலை உயர்ந்த பிராசஸர் போட்டு என்ன பயன்?

2023-ல் வந்த இன்டெல் என்100 போன்ற சிப் வீட்டுக்குத் தாராளம். 4 கோர், 6 வாட் ரகம். வீடியோவை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ரேம், ட்ரூநாஸ் போடுவதாக இருந்தால் குறைந்தது 8 ஜிபி. ஓபன்மீடியாவால்டுக்கு 4 ஜிபி போதும். பிழை திருத்தும் இசிசி ரேம் இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. மதர்போர்டில் எண்ணிப் பார்க்க வேண்டியது சாட்டா போர்ட்டுகளை. எத்தனை டிஸ்க் போடப் போகிறீர்களோ அதைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும்.

பழைய கம்ப்யூட்டர் போதாதா?

கற்றுக்கொள்ள போதும். ஆனால் கரண்ட் பில்லையும் கணக்குப் பார்க்கணும். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப், 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 86 யூனிட். தமிழகத்தில் 2016-ல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட் இலவச மின்சாரத்தை கிட்டத்தட்ட இது ஒன்றே தின்றுவிடும். 25 வாட்டில் ஓடும் சின்ன மெஷின் என்றால் அதே காலத்தில் 36 யூனிட்தான்.

டிஸ்க் வாங்கும்போது கவனம்

மிச்சம் பிடித்த காசை இங்கே போடுங்கள். டிஸ்க்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என இரண்டு வகை உண்டு. சிஎம்ஆரில் தரவுத் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் கூரை ஓடு அடுக்கியது போல ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும். குறைந்த இடத்தில் நிறைய சேமிக்கலாம். ஆனால் ஒரு தடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும்.

சாதாரண நாட்களில் இது தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புதிய டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்பும்போதுதான் தெரியும். வேலை இழுத்துக்கொண்டே போகும். அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க்கும் போனால் மொத்தமும் காலி.

வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென விற்ற ரெட் வரிசையின் சில மாடல்களில் எஸ்எம்ஆர் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று 2020-ல் பெரும் சர்ச்சை எழுந்தது. அதன் பிறகே ரெட் பிளஸ் என்ற பெயரில் சிஎம்ஆர் டிஸ்க்குகளை அந்நிறுவனம் தனியாகப் பிரித்தது. சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசையும் சிஎம்ஆர்தான். கடையில் வெறும் "நாஸ் டிஸ்க்" என்று கேட்காமல், மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கே, யுபிஎஸ் எதுக்கு?

பவர் கட் ஆனதும் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். யுஎஸ்பி வயர் மூலம் சர்வரோடு பேசும் யுபிஎஸ் என்றால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானாகவே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்.

இரண்டு டிஸ்க் இருந்தால் பேக்கப் ஆகிவிடுமா?

ஆகாது. பெரிய தவறு நடப்பது இங்கேதான். 4 டிபி டிஸ்க் இரண்டை மிர்ரராகப் போட்டால் 4 டிபி இடம் கிடைக்கும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ரான்சம்வேர் புகுந்தாலும் இரண்டும் ஒன்றாகவே பூட்டப்படும். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர், இணையத்தில் நேரடியாகத் திறந்திருந்த கியூநாப் கருவிகளைக் குறிவைத்தது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் கருவிகளில் இருந்த தரவு, இணையம் வழியாகவே அழிக்கப்பட்டது.

எனவே:

* சர்வரை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். வெளியிலிருந்து பார்க்க விபிஎன் பயன்படுத்துங்கள்.
* தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் மாதம் ஒருமுறை காப்பி எடுத்து, கழற்றி வையுங்கள்.
* முக்கியமான ஃபைல்களின் இன்னொரு காப்பி வேறு வீட்டிலோ, கிளவுடிலோ இருக்கட்டும்.
* காப்பியிலிருந்து ஒரு ஃபைலையாவது அவ்வப்போது திறந்து பாருங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா?

மொத்தமே 100, 200 ஜிபிதான் என்றால் கிளவுட் சந்தாவும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் போதும். டிபி கணக்கில் வீடியோ சேர்ப்பவர்கள், சொந்தத் தரவு சொந்த வீட்டில் இருக்கட்டும் என நினைப்பவர்களுக்கு நாஸ் சரிவரும். பட்ஜெட் போடும்போது டிஸ்க், பேக்கப் டிஸ்க், யுபிஎஸ் மூன்றுக்கும் முதலில் ஒதுக்குங்கள். மீதியில் என்ன பிராசஸர் கிடைக்கிறதோ அதுவே போதும்.