நாலு தேவை, ஒரே சென்சார்: போயிங் 737 மேக்ஸ் சறுக்கியது எங்கே?

எரிபொருள் மிச்சமாகணும். சீக்கிரம் சந்தைக்கு வரணும். பைலட்டுகளுக்குப் புதுப் பயிற்சி தேவைப்படக் கூடாது. பாதுகாப்பாகவும் பறக்கணும். ஒரு புது விமானத்திடம் இந்த நான்கையும் கேட்பது நியாயம்தான். ஆனால், ஒன்றோடொன்று மோதினால் எதை விட்டுக்கொடுப்பது?

அப்படி என்ன அவசரம்?

2010 டிசம்பரில் ஏர்பஸ் நிறுவனம், எரிபொருள் செலவு குறைவான ஏ320 நியோவை அறிவித்தது. 2011 ஜூலையில், போயிங்கின் நீண்டகால வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸே 260 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. புதிதாக ஒன்றை வடிவமைக்க நேரமில்லை. 1967-ல் முதலில் பறந்த 737 மாடலிலேயே பெரிய என்ஜினைப் பொருத்த போயிங் முடிவு செய்தது.

சிக்கல் எங்கே?

737 தரைக்கு நெருக்கமாக நிற்கும் விமானம். பெரிய என்ஜின் இறக்கைக்குக் கீழே அடங்காததால், முன்னால் தள்ளி, சற்று உயர்த்திப் பொருத்தினார்கள். இதனால் சில நேரங்களில் விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயர வாய்ப்பு இருந்தது. அதைக் கீழே இறக்க வந்ததுதான் ‘எம்காஸ்’ மென்பொருள்.

முதலில் அதிவேகத்துக்கு மட்டும் என்றிருந்த எம்காஸ், பிறகு குறைந்த வேகத்துக்கும் விரிந்தது. வால் பகுதி இறக்கையை அது திருப்பும் அளவு 0.6 டிகிரியிலிருந்து 2.5 டிகிரியானது. வேலை கூடியதே, கண்காணிப்பும் கூடியதா? அதுதான் இல்லை. விமானத்தில் இரண்டு கோண சென்சார்கள் இருந்தும், ஒன்றை மட்டுமே அது நம்பியது. பைலட் கையேட்டில் விளக்கம் இல்லை. பயிற்சி அளவை முடிவு செய்யும் அமெரிக்க அரசின் குழுவுக்கும் இந்த மாற்றம் முழுசாகச் சொல்லப்படவில்லை.

காரணம், பயிற்சி என்றால் செலவு. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் நிறுவனத்துடன் போயிங் ஒப்பந்தமே போட்டிருந்தது.

விலை என்ன?

2018 அக்டோபர் 29, இந்தோனேசியா: 189 பேர் பலி. 2019 மார்ச் 10, எத்தியோப்பியா: 157 பேர் பலி. இரண்டிலும் தவறான சென்சார் தகவலை நம்பி, எம்காஸ் திரும்பத் திரும்ப மூக்கைக் கீழே அழுத்தியது.

என்ன மாறியது?

2020 நவம்பரில் அமெரிக்கா மீண்டும் பறக்க அனுமதித்தபோது, எம்காஸ் இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்டது. சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமானது.

தேவைகள் மோதுவது எந்தப் பெரிய திட்டத்திலும் சகஜம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை எல்லோர் முன்னாலும் மேஜையில் வைத்துப் பேசினால் தீர்வு கிடைக்கும். இங்கே அது மென்பொருளுக்குள் மறைந்தது. தவிர்க்க நினைத்த அதே பயிற்சி, 346 உயிர்கள் போன பிறகு வந்தது.