பள்ளிக்கூடம் முடிந்த பின் எங்கே?

பாடசாலை நாட்களில் ஒரு பிள்ளைக்கு எத்தகைய குறை இருப்பினும், காலையில் எழுந்து செல்வதற்கு அப்பிள்ளைக்கு ஓரிடம் உண்டு. சீருடை உண்டு, பெயர் சொல்லி அழைக்க ஆசிரியர் உண்டு, சண்டை பிடிக்கவும் பின்னர் சமாதானமாகவும் தோழர் உண்டு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் இவையாவும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. ஏனைய பிள்ளைகள் உயர்தர வகுப்பு, தனியார் வகுப்பு, தொழிற்பயிற்சி எனப் பல திசைகளிற் பிரிந்து செல்ல, செவிப்புலனற்ற பிள்ளையோ, பார்வை குன்றிய பிள்ளையோ, விளங்கிக்கொள்ளும் ஆற்றல் மெதுவாயுள்ள பிள்ளையோ வீட்டுத் திண்ணையிற் குந்தியிருக்க நேர்கின்றது. “நாங்கள் இருக்குமட்டும் பார்ப்பம், எங்களுக்குப் பிறகு ஆர் பார்க்கிறது?” என்று பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி அத்திண்ணையிலேதான் பிறக்கின்றது.

இவர்கள் சிறு தொகையினர் அல்லர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதேனுமொரு வலுக்குறையுடன் வாழ்கின்றனர். இவர்களிற் பலர் முதியோர் என்பது மெய்யே. எனினும், இனிமேல்தான் வாழ்க்கையைத் தொடங்கவேண்டிய இளையோரும் இத்தொகையினுள் அடங்குவர்.

சட்டமும் ஆணையும் இல்லாமலில்லை. அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று இத்தகையோருக்கு வழங்கப்படல் வேண்டும் என 1988ஆம் ஆண்டிலேயே பொது நிருவாகச் சுற்றறிக்கை பணித்தது. 1996இல் இவர்தம் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது. ஆயினும், அச்சுற்றறிக்கையை ஊன்றி வாசிப்போர் அதிலுள்ள ஒரு நிபந்தனையைக் காண்பர். வேண்டிய தகைமை இருத்தல் வேண்டும். உள்ள குறை, செய்யவேண்டிய பணிக்குத் தடையாய் இராதிருத்தல் வேண்டும். தடையா, தடையன்றா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? நேர்முகப் பரீட்சை மேசைக்கு அப்பால் இருப்பவரே. தம் வாழ்நாளிற் செவிப்புலனற்ற ஒருவருடன் ஒருநாளேனும் சேர்ந்து வேலை செய்திராத அவருக்கு, “இவன் இந்த வேலையைச் செய்திருக்கின்றான்” என்று காட்டக்கூடிய சான்றொன்று இருந்தாலன்றி ஐயம் தீராது. பரீட்சைச் சான்றிதழ் அந்த ஐயத்தைத் தீர்ப்பதில்லை. வேலை செய்த அனுபவமே தீர்க்கும்.

நம் நாட்டில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வியுடன் கைத்தொழிலையும் சேர்த்துக் கொடுக்கும் எண்ணம் புதியதன்று. மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடக்கிய பாடசாலை இரத்மலானையில் இன்றும் நடைபெறுகின்றது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை அப்பணியைச் செய்து வருகின்றது. உலகெங்கும் இத்தகைய பாடசாலைகள் பிரம்பு பின்னலையும் நெசவையும் கற்பித்து வந்தமைக்குக் காரணம் அக்காலத்து வீடுகளிலே காணப்பட்டது. பிரம்புக் கதிரை இல்லாத வீடு குறைவு. பிளாஸ்திக் கதிரை வந்து பிரம்பைத் தள்ளிய பின்னரும், பார்வையற்றோருக்கு எந்தத் தொழில் என்று கேட்டால் நம்மவர் வாயில் முதலில் வருவது பின்னலேயாகும். கணினித் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று தமிழையும் வாசிக்கின்றன என்பதைப் பலர் அறியார்.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. முதலில் எல்லாவற்றையும் வகுப்பறையிற் பழக்கித் தேர்ச்சியாக்கிவிட்டுப் பின்னர் வேலைக்கு அனுப்பலாம் என்பதே அது. நீந்தப் பழகிய பின் கேணியில் இறங்குகிறேன் என்பது போன்ற கதைதான்! அமெரிக்காவில் 1970களில் மார்க் கோல்ட் என்பவர் இதனைச் செய்கையாற் பொய்ப்பித்தார். எதுவும் கற்க இயலாதோர் எனத் தள்ளப்பட்டிருந்தோருக்கு, சைக்கிள் ‘பிறேக்’ ஒன்றின் உறுப்புகளைப் பொருத்தும் வேலையை அவர் பழக்கினார். வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பிலும் பார்ப்பவர் பக்கம் வரவேண்டிய முகத்துக்குச் சிவப்பு நிறம் பூசிவைத்தார், கற்றல் விரைவாயிற்று. குறை கற்பவனிடத்தில் மாத்திரமன்று, கற்பிக்கும் முறையிலும் இருக்கலாம் என்று அவர் காட்டினார். ஆசிரியராகிய நமக்கு இது சற்றுக் கசக்கும் மருந்துதான்.

பின்னர் 1996இல், அந்நாட்டுச் சின்சினாட்டி நகரச் சிறுவர் வைத்தியசாலையில் ‘புறொஜெக்ற் சேர்ச்’ என்னும் முயற்சி பிறந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பிலிருந்த தாதியொருவருக்கு ஒரு தொல்லை இருந்தது. பஞ்சு, ஊசி, கையுறை முதலியவற்றை உரிய தட்டுகளில் நிரப்பி வைக்கும் வேலைக்கு வருவோர் நிலைத்து நிற்பதில்லை. வைத்தியம் பெற வரும் பிள்ளைகளிற் பலர் வளர்ச்சிக் குறையுடையோர். அத்தகைய இளைஞரையே இவ்வேலைக்குப் பழக்கினால் என்ன என அவர் எண்ணினார். இன்று அம்முறையில், பாடசாலையின் இறுதியாண்டு மாணவர் வகுப்பறையை விட்டு வைத்தியசாலைக்கே வருகின்றனர். பத்துப் பன்னிரண்டு வாரங்கள் ஒரு பிரிவில், அதன்பின் வேறொரு பிரிவில், மீண்டும் மூன்றாவதில் என ஓராண்டில் மூன்றிடங்களில் வேலை பழகுகின்றனர். பழக்கும் ஆசிரியரும் அக்கட்டடத்திலேயே இருக்கின்றார். வேர்ஜீனியா மாநிலத்தில் ஓட்டிசம் உடைய இளைஞரிடையே இம்முறையைச் சோதித்து 2014இல் வெளியிட்டனர். பயின்றோரில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் சம்பள வேலை பெற்றனர். பயிலாத குழுவில் நூற்றுக்கு ஏழு பேர்தானும் பெறவில்லை. குழுக்கள் சிறியவை என்பதை மறத்தலாகாது. எனினும், இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாய் வருவதன்று.

நம் ஊருக்கு இது பொருந்துமா? பெரிய வைத்தியசாலை வேண்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேறு வெளிவருவதற்கும் இடையில் மாதக்கணக்கில் வெறுங்காலம் கிடக்கின்றது. அக்காலத்தை மூன்றாகப் பிரித்து, வெதுப்பகம் ஒன்றிற் சில வாரமும், இரும்புக் கடையிற் சில வாரமும், அச்சகத்திற் புத்தகம் கட்டுமிடத்திற் சில வாரமுமாக ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்க்கலாம். மூன்றிடம் என்பதன் பயன் இதுதான்: எது தனக்குப் பிடிக்கும், எது பிடியாது என்று பிள்ளை அறிகின்றது. மா வாசனை சிலருக்கு ஆகாது. ஆணியையும் திருகாணியையும் அளவு பார்த்துப் பிரிக்கும் வேலை மற்றவருக்குச் சலிக்கும், இப்பிள்ளைக்கு விளையாட்டாயிருக்கும். உயர்தரத்திலுள்ள தொழிற்றுறைப் பிரிவும், பயிலுனர் பயிற்சி அதிகாரசபையின் கற்கைநெறிகளும் அதன்பின் தெரிவு செய்வதற்கு எளிதாகும்.

வேலையைக் காட்டிலும் கடினமானவை அதனைச் சூழ்ந்தவை. தனியே பஸ் ஏறுதல், எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு நிற்றல், முதலாளி ஏசினால் அழாமலிருத்தல், விளங்காததைத் திரும்பக் கேட்டல் ஆகிய இவற்றை எந்தப் பாடநூலும் கற்பியாது. தாயார் நாள்தோறும் கைபிடித்துக் கூட்டிச்சென்று கடை வாசலில் விட்டுவந்தால், முதற் பாடமே தவறிவிடுகின்றது. முதற் கிழமை கூடச் செல்லுங்கள். இரண்டாங் கிழமை பஸ்ஸில் பின் ஆசனத்தில் இருங்கள். மூன்றாங் கிழமை வீட்டிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடை முதலாளிமாரின் இரக்கமும் ஒருவகைத் தடையே. “பாவம் பிள்ளை, சும்மா இருக்கட்டும் மாஸ்டர், மாதம் ஏதாவது குடுப்பம்” என்பார்கள். நல்ல மனந்தான். ஆனால், மூலையிற் கதிரை போட்டு இருத்தித் தேநீர் கொடுத்து அனுப்பினால், வீட்டுத் திண்ணை கடைக்கு மாறியதேயன்றி வேறொன்றும் நிகழவில்லை. வேலை கொடுங்கள், பிழை விட்டால் பிழையென்று சொல்லுங்கள் என்றே நாம் அவர்களிடம் கேட்கவேண்டும். மறுபுறம், பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்காய்ச் சம்பளமின்றி வேலை வாங்குவோரும் உளர். ஆதலால், எத்தனை வாரம், என்ன வேலை, பிரயாணச் செலவு யார் பொறுப்பு என்பவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, பாடசாலையும் பெற்றோரும் முதலாளியும் கையொப்பமிடல் நன்று.

அத்தாளின் அடியில் நாலு வரிக்கு இடம் விட்டுவைக்க வேண்டும். எவ்வேலையைத் தனியே செய்கின்றார், எதற்கு ஒருமுறை நினைவூட்ட வேண்டும், எது முடியவில்லை என்பனவற்றை முதலாளி தம் கைப்பட எழுதித் தருவதற்கே அவ்விடம். இதனைக் கடைசி நாளிற் கேட்பதிலும் முதல் நாளிலேயே சொல்லிவைப்பது உத்தமம். அப்பொழுதுதான் அவரும் பிள்ளையின் கையை உற்றுப் பார்ப்பார்.