பறித்தவருக்கு ஒரு கூலி, நட்டவளுக்கு ஒரு கூலி

நாற்றங்காலில் இறங்கி நாற்றைப் பறித்து, முடி கட்டி, வயலில் வீசுகிறவர் ஆண். அதே சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நடுகிறவர்கள் பெண்கள். தஞ்சை வட்டாரத்தில் வேலை இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. கூலிக்கும் அப்படியே பெயர்: ஆண் கூலி, பெண் கூலி. பெண் கூலி எப்போதும் ஒருபடி கீழே.

சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு. இரண்டும் கேட்பது ஒன்றுதான்: ஒரே வேலைக்கும், ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண், பெண் என்று கூலியில் பேதம் கூடாது. நடவுப் பெண்ணின் வழக்கு மாட்டிக்கொள்வது இந்த ‘ஒத்த தன்மை’யில்தான். அவள் செய்வதை உள்ளூர் ஆண் செய்வதில்லை. அப்படியானால் யாருடைய கூலியைக் காட்டி அவள் கேட்பாள்? வேலையையே பெண் வேலை என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்ட பிறகு, பேதம் பேதமாகவே தெரிவதில்லை. இப்போது வடமாநில ஆண்கள் டெல்டாவில் வந்து நடுகிறார்கள். ஒப்பிட ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் அவர்களுக்குப் பேசுவது ஏக்கர் கணக்கில் மொத்தத் தொகை. நாள் கூலியோடு அதை எப்படிப் பொருத்துவது?

பம்பாய் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தாளர் தொடுத்த வழக்கில், ஒத்த வேலை என்பதை விரிந்த பார்வையில் காண வேண்டும் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. நல்ல தீர்ப்பு. அது அலுவலகம், சம்பளம் ஏட்டில் இருந்தது. வரப்பில் எண்ணித் தரும் கூலிக்கு ஏது ஏடு? விவசாய வேலைக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காதவர் பதிவேடே வைக்க வேண்டாம் என்று புதிய சட்டமும் விலக்குத் தருகிறது. ஆய்வாளர் கேட்டால் கூலி தந்ததற்கு ஆதாரம் காட்டினால் போதும். ஆய்வாளர் கேட்க வேண்டுமே.

காகிதம் இருந்தாலும் அச்சம் இருக்கிறது. இன்று யார்மீது மனுக் கொடுக்கிறாளோ அவர் வயலில்தான் நாளைக்குக் களை. இந்த மண்ணில் கூலி கேட்டதற்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 தலித்துகள் எரிந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதியான பெருநிலக்காரர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அது நம்பவில்லை. அந்த ஊர்ப் பாட்டிகளின் பேத்திகளிடம் ‘கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று லேசாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. அது ஊர்ஊராகத் தெரிய வேண்டும். முதலில் போக வேண்டியது நீதிமன்றத்துக்கு அல்ல, அரசு நியமிக்கும் அதிகாரியிடம். தனிப் பெண்ணின் பெயரில் மனு போக வேண்டியதில்லை. பதிவுபெற்ற தொழிற்சங்கம் கொடுக்கலாம். எத்தனை பேருக்காகவும் ஒரே மனு போதும். கெடு மூன்று ஆண்டு. வரிசையாக நின்று நடுகிறவர்கள் வரிசையாகவே கேட்கலாம்.