12 வோல்ட் சொல்லும் பாதி உண்மை

கையால் கியர் மாற்றும் காரில் எந்தக் கியர் விழுந்திருக்கிறது, கிளட்ச் மிதிபட்டிருக்கிறதா என்பது ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் தெரியும். வண்டியின் மின்சாரத்துக்கு அதைச் சொல்வது யார்? கட்டைவிரல் அளவுள்ள இரண்டு மூன்று ஸ்விட்சுகள்தான். பல கார்களில் கிளட்ச் பெடலை ஒட்டி ஒன்று இருக்கும். பெடல் முழுதாக அமுங்கினால்தான் செல்ஃப் மோட்டாருக்கு அது வழிவிடும். கியர்பாக்ஸில் திருகியிருப்பது இன்னொன்று. ரிவர்ஸ் போட்டதும் உள்ளே நகரும் தண்டு அதன் முனையை அழுத்த, பின்னால் வெள்ளை விளக்கு எரியும். சிக்னலில் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் கிளம்பும் கார்களில் நியூட்ரலை அறிவிக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு.

இவற்றில் அதிகம் பாடுபடுவது ரிவர்ஸ் ஸ்விட்ச். உள்பக்கம் சூடான கியர் ஆயில், வெளிப்பக்கம் மழையும் சேறும். நாளடைவில் அதன் தொடுமுனைகள் கருத்துக் களிம்பு பிடித்துவிடும்.

அப்போது நடப்பதுதான் வியப்பு. ரிவர்ஸ் விளக்கு சரியாக எரியவில்லை. சாவியை ஆன் செய்து, எஞ்சினை அணைத்தபடி ரிவர்ஸ் போட்டு, பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைக்கிறோம். 12 வோல்ட் காட்டுகிறது! பல்பை மாட்டினால் மங்கலாகச் சிவப்பதோடு சரி.

மீட்டர் பழுதில்லை. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயில் அடைப்பு இருந்தாலும், அடியில் குழாயை மூடி வைத்திருக்கும் வரை அழுத்தம் முழுசாகவே இருக்கும். திறந்தால்தான் நூலாக ஒழுகும். மின்சாரமும் அப்படியே. ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி, ஒரு தடையில் இழக்கும் வோல்ட் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. களிம்பு பிடித்த முனையின் தடை 7 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது; வழியில் இழப்பு ஒரு வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 21 வாட் பல்போ முழு வெளிச்சத்துக்குச் சுமார் 1.75 ஆம்பியர் கேட்கும். அந்த 7 ஓமைத் தாண்டி அதற்கு 12 வோல்ட்டில் பாதிகூடத் தேறாது. பீப் ஒலிக்கும் சோதனையையும் நம்ப முடியாது. பல மீட்டர்கள் 7 ஓம் தடைக்கும் பீப் அடிக்கும்.

ஆகவே மின்சாரம் ஓடும்போதே சோதிக்க வேண்டும். பல்பு மாட்டியிருக்க, ரிவர்ஸ் போட்டிருக்க, ஸ்விட்சின் இரண்டு வயர்களுக்கும் நடுவே வோல்ட் அளந்து பாருங்கள். நல்ல ஸ்விட்சில் ஏறத்தாழ பூஜ்யம் வரும். அங்கே ஆறேழு வோல்ட் நின்றால், விளக்குக்குப் போக வேண்டியதை விழுங்குவது அந்த ஸ்விட்ச்தான். மீட்டர் இல்லையா? ஸ்விட்சில் மாட்டியிருக்கும் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் பியூஸ், வயர், பல்பு எல்லாம் சரி. பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லேம்பைக் கைவிடாததற்குக் காரணம் இதுவே. மீட்டரைப் போலன்றி அந்தச் சோதனை விளக்கு உண்மையிலேயே மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கிறது. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகும் மெல்லிய வயர்களில் அதை வைக்கக்கூடாது.

கிளட்ச் பக்கம் முதலில் கண்ணால் பார்ப்பதே நல்லது. ஸ்விட்ச் நன்றாகவே இருக்க, பெடலில் அதைத் தள்ளும் சின்ன பிளாஸ்டிக் பொத்தான் காய்ந்து உதிர்ந்திருப்பது பல கார்களில் நடப்பது. தூள் கால்மிதியிலேயே கிடக்கும். ஸ்கேனர் இருந்தால் பெடலை மிதித்து விடும்போது திரையில் நிலை மாறுகிறதா என்று பாருங்கள். பி0704 என்ற பழுதுக் குறியீடு வந்தால், கிளட்ச் ஸ்விட்சின் சேதி ஒழுங்காக வரவில்லை என்று பொருள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சோதனைக்காக கிளட்ச் ஸ்விட்சை வயரால் இணைக்கும் முன் நியூட்ரலையும் ஹேண்ட்பிரேக்கையும் உறுதிசெய்யுங்கள். வேலை முடிந்ததும் அந்த வயரை எடுத்துவிட்டுப் புது ஸ்விட்ச் மாட்டுங்கள். அப்படியே விட்டால், கியரில் நிற்கும் காரில் யாராவது சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டாரே வண்டியை முன்னே தள்ளிவிடும்.