மது அருந்தும்போது தாடை வலி: காரணங்களும் செய்ய வேண்டியவையும்

மது அருந்தத் தொடங்கிய சில நிமிடங்களிலோ, அன்றிரவோ, மறுநாள் காலையிலோ சிலருக்குத் தாடையில் வலி ஏற்படுகிறது. பெரும்பாலோர் இதனைப் பல்வலி என்று எண்ணி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகின்றனர். இலுப்பூர் போன்ற ஊர்களில் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரும் ‘பல் வலிக்கிறது’ என்று கூறுவார்களே தவிர, குடித்தபோது வந்த வலி என்பதைச் சொல்லத் தயங்குவர். உடன் மனைவியோ மகனோ நிற்கும்போது இத்தயக்கம் இயல்பே. ஆயினும் நோயைக் கண்டறிய மருத்துவருக்கு உதவும் முதன்மையான குறிப்பு அதுதான். அதனை மறைத்தால், சொத்தையில்லாத பல்லைப் பிடுங்கிவிட்டு உண்மையான நோயைத் தவறவிடும் நிலை நேரலாம்.

முதலில் இதயத்தை நினையுங்கள்

இதயத்திலிருந்து வரும் வலி உணர்வும் தாடையிலிருந்து வரும் வலி உணர்வும் மூளைக்குச் செல்லும் வழியில் ஒன்றுசேர்கின்றன. எனவே இதயத் தசைக்கு இரத்தம் குறையும்போது, மூளை அதனைத் தாடை வலியாக உணரக்கூடும். மார்பில் வலியே இல்லாமல் தாடை, கழுத்து, இடது கை ஆகியவற்றில் மட்டும் வலி வருவதும் உண்டு. நீரிழிவு நோயாளிகளிடமும் பெண்களிடமும் இவ்வாறு நேர வாய்ப்பு அதிகம். மது இதயத் துடிப்பை விரைவாக்கும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். துடிப்பின் சீரையும் குலைக்கலாம். போதை வலியை மங்கச் செய்வதால் ஆபத்து புரியாமல் போகிறது.

தாடை வலியுடன் பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்:

• மார்பில் அழுத்தம், இறுக்கம் அல்லது எரிச்சல்
• உடல் குளிர்ந்து வியர்த்தல், மூச்சுத்திணறல்
• தலைசுற்றல், மயக்கம், வாந்தி
• தோள், முதுகு, கைகளுக்கு வலி பரவுதல்

நோயாளி தாமே இருசக்கர வாகனம் ஓட்டிச் செல்லக் கூடாது. விடியட்டும், போதை தெளியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல்வேளை மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. நடக்கும்போது தாடை வலித்து, நின்றால் தணிகிறது எனில், அதுவும் இதய நோயின் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த நாளே ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

பிற காரணங்கள்

உமிழ்நீர்ச் சுரப்பி: மதுவும் அதனுடன் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் உமிழ்நீரைத் திடீரெனச் சுரக்கச் செய்கின்றன. முதல் மடக்கில் காதுக்கு முன்புறம் சுருக்கென்று இழுத்து, சில நொடிகளில் மறைந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தாடைக்குக் கீழே வீங்கி வலித்து, ஓரிரு மணி நேரத்தில் வடிந்தால், உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். சாப்பிடும்போதும் இதே வலி வரும். வீக்கத்துடன் காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

பல்லும் ஈறும்: சொத்தைப் பல்லின் மீது குளிர்ந்த பானம் பட்டவுடன் கூர்மையான வலி எழும். மது வாயை உலரச் செய்வதால் சொத்தையும் ஈறு நோயும் விரைந்து வளர்கின்றன.

வாய்ப்புண்ணும் புகையிலையும்: மது பட்டதும் வாய் எரிந்து, வாயைத் திறக்கவும் சிரமமாக இருந்தால் கவனம் தேவை. பாக்கு, புகையிலை போடுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் தடித்து இறுகும் நோய் வரும். அது புற்றுநோயாக மாறக்கூடியது. உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாயில் நுழைக்க இயலாவிட்டாலும், இரண்டு வாரங்களில் ஆறாத புண் இருந்தாலும், உடனே காட்டுங்கள். மதுவும் புகையிலையும் சேரும்போது வாய்ப்புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகிறது.

தாடை மூட்டு: மது அருந்தி உறங்குவோர் தூக்கத்தில் பற்களைக் கடிப்பது மிகும். மறுநாள் காலையில் காதோரம் வலிக்கும். மெல்லும்போது ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும்.

அறியாமல் பட்ட அடி: போதையில் விழுந்தது நினைவில் இல்லாமல் போகலாம். மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் முன்போல் பொருந்தவில்லை என்றால், தாடை எலும்பு முறிந்திருக்கக்கூடும்.

நிணநீர்க் கணுக்கள்: சிறிதளவு மது அருந்திய சில நிமிடங்களில், கழுத்திலோ தாடைக்கு அடியிலோ நெறிக்கட்டிய இடத்தில் வலி வருவது, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் அரிய அறிகுறி. இந்நோய் உள்ளவர்களிலும் வெகுசிலருக்கே இவ்வலி வரும். எனவே வலி வந்த எல்லோரும் அஞ்ச வேண்டாம். ஆனால் கட்டி இரண்டு வாரங்களுக்கு மேல் கரையாமல் இருந்தாலோ, இரவில் மிகுந்த வியர்வை, காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை இருந்தாலோ, தள்ளிப்போடாதீர்கள். உரிய சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகக்கூடிய புற்றுநோய் இது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

1. குடித்த எத்தனை நிமிடத்தில் வலி வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது
2. வலிக்கும் இடம் (ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்)
3. சாப்பிடும்போதும், நடக்கும்போதும், மது அருந்தாத நாட்களிலும் வருகிறதா
4. எவ்வளவு மது, எத்தனை ஆண்டுகளாக. புகையிலை, பாக்குப் பழக்கம்
5. உட்கொள்ளும் மற்ற மருந்துகள்

குடும்பத்தார் முன் சொல்லத் தயங்கினால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் கூறுவதை மருத்துவர் இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர். தேவைக்கேற்ப ஈ.சி.ஜி., பல் எக்ஸ்ரே, கழுத்து ஸ்கேன், கட்டியிலிருந்து திசுப் பரிசோதனை ஆகியவை செய்யப்படும். இலுப்பூர் பகுதியினர் உயர் பரிசோதனைக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், பல், வாய் தொடர்பான சிகிச்சைக்கு 2023-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் செல்லலாம்.

செய்யக் கூடாதவை

• பல்வலிக்கு மதுவை வாயில் அடக்கி வைக்காதீர்கள். அது ஈற்றைப் புண்ணாக்கும், நோயை ஆற்றாது.
• மது அருந்திய நிலையில் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை உட்கொண்டால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படலாம். நாள்தோறும் குடிப்பவர் பாராசிட்டமாலையும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது, கல்லீரல் பாதிக்கப்படும்.
• பல் சிகிச்சையில் மெட்ரோனிடசோல் தரப்பட்டால், மருந்து முடிந்து மூன்று நாட்கள் வரை மதுவைத் தொடாதீர்கள்.
• குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்காதீர்கள். அதன்மேல் மது அருந்தினால் முகம் சிவந்து, மார்பு வலித்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

உடனிருப்போருக்கு

குடித்தவர் ‘தாடை வலிக்கிறது’ என்றால், போதையில் உளறுகிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நெற்றி வியர்த்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். விழிப்புடன் இருந்தால் சாய்ந்து உட்காரச் செய்யுங்கள். அரைமயக்கத்தில் இருந்தால் மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

மதுவை விடுதல்

காரணம் எதுவாயினும், அது கண்டறியப்படும் வரை மதுவைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

மது அருந்தாமல் இருந்தால் வலி வராது என்பதற்காக நோய் நீங்கிவிட்டதாகக் கருத வேண்டாம். வலி நின்றிருந்தாலும் ஒருமுறை மருத்துவரிடம் வந்து, நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.