பல்செட்டு செய்வோர்

செயற்கைப் பல்வரிசை அணிந்தவரைக் கேட்டால், அதனைச் செய்து தந்தவர் பல் மருத்துவரே என்பார். அளவெடுத்தவரும் பொருத்தியவரும் மருத்துவர்தாம். செய்தவர் பெரும்பாலும் வேறொருவர். மருத்துவமனையின் பின்னறையிலோ, வேறொரு தெருவிலுள்ள பட்டறையிலோ அவர் வேலை செய்கிறார். இன்று டென்டல் டெக்னீஷியன் என்று வழங்கும் இவரை, 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் டென்டல் மெக்கானிக் என்று குறித்தது. பல்செட்டு செய்வதும் பழுது பார்ப்பதும் இவர் தொழில். நோயாளியின் வாயில் கை வைப்பது அன்று. செலவு குறையுமென்று நேரே பட்டறைக்குச் செல்வாரும் உளர். ஈற்றிலுள்ள புண்ணின் தன்மையைப் பிளாஸ்டர் காட்டாது.

ஆம், இவரிடம் வந்து சேர்வது வாயின் அச்சு மட்டுமே. அதில் பிளாஸ்டரை ஊற்றி ஈற்றின் படிவத்தைப் பெறுகிறார். இரு தாடைகளும் கூடும் முறையை ஒரு கீல் பொறியில் அமைத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். முன்பல் சற்று உள்வாங்கினாலும் உதடு குழிந்து முகம் முதுமை காட்டும். இந்நிலையில் நம்மை அழைத்து, மெழுகுப் பல்வரிசையை வாயில் வைத்துப் பார்ப்பர். அதற்குப் பின்னர் வருவோம்.

அடுத்து அதனைப் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை வெந்நீரால் உருக்கி அகற்றி, அவ்விடத்தில் பிசைந்த அக்ரிலிக்கை அடைத்து வேகவைக்கிறார். அக்கலவையிலுள்ள திரவம் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஆதலால் நீரை முதலில் 74 பாகையளவில் நெடுநேரம் நிறுத்துவர். அவசரப்பட்டால் உள்ளே குமிழிகள் தோன்றிப் பல்செட்டு வலுவிழக்கும். இட்லிக்குத் துளை அழகு. இதற்கோ அதுவே கேடு. பின்னர் தேய்த்து மெருகிடும்போது எழும் தூசி, உறிஞ்சும் கருவியில்லாப் பட்டறையில், தொழிலாளியின் நுரையீரலையே தாக்கும்.

மெழுகு நிலைக்கு வருவோம். வெளிமாநிலங்களில் வாழும் நாம் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். பேச்சைச் சோதிக்க ஆங்கிலத்தில் அறுபது முதல் எழுபது வரை எண்ணச் சொல்வதுண்டு. அவ்வெண்களில் 'ஸ' ஒலி மிகுதி. நாம் வீட்டில் பேசுவதோ தமிழ். 'தந்தை' என்னும்போது நாநுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது. 'பழம்', 'பள்ளம்', 'பணம்' என்னும்போது அண்ணத்தை நோக்கி வளைகிறது. மேற்பற்கள் முழுதும் இழந்தவர்க்கு அங்கே இனி அக்ரிலிக் தகடே இருக்கும். தகடு தடித்தாலோ, பற்கள் இடம் மாறினாலோ இவ்வொலிகள் குழறக்கூடும். தமிழறியாத மருத்துவர் காதில் அக்குழறல் படாது. பட்டறைக்காரரோ நம் பேச்சைக் கேட்டதே இல்லை. புதிதில் சில நாள் தடுமாற்றம் இயல்பே. ஆயினும் மெழுகுப் பற்களோடு நாலு வாக்கியம் தமிழில் பேசிப் பார்த்து, இடறுவதை அங்கேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் எழுதியனுப்பும் சீட்டின் வழியாகத்தான் நம் குறை பட்டறைக்கு எட்டும். மெழுகில் பல்லை நகர்த்துவது எளிது. அக்ரிலிக் வெந்து இறுகிய பின், முழுவதையும் மறுபடி செய்ய நேரிடலாம்.

பல் விழுமுன் சிரித்தவாறு எடுத்த புகைப்படம் இருந்தால், அதனையும் அச்சோடு அனுப்பச் சொல்லலாம். முன்பற்களின் நீளத்தையும் சாய்வையும் அமைக்க அது பெரிதும் துணை செய்யும்.