ஓர் அரிய பெயரும் இரண்டு நாணயங்களும்

1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘காந்தி’ திரைப்படத்தை இயக்கியவர் யார்? ரிச்சர்டு ஆட்டன்பரோ. விலங்குகளின் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் காட்டிப் புகழ்பெற்ற டேவிட் ஆட்டன்பரோ அவருடைய தம்பி. ஆட்டன்பரோ என்பது அவர்களுடைய குடும்பப் பெயர். இங்கிலாந்திலேயே இது அரிதான பெயர். ‘ஸ்மித்’ என்ற பெயரோ அங்கு எங்கும் காணப்படுவது. இந்த வேறுபாடு ஏன்?

ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார். ஆகவே அப்பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியது. ஆட்டன்பரோ என்பதோ நாட்டிங்காம்ஷயரில், ட்ரெண்ட் ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். அவ்வூரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டிலும் இப்பெயருடையோர் பெரும்பாலும் அங்கும், அடுத்துள்ள டெர்பிஷயரிலுமே வாழ்ந்தனர்.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியுமா? முடியும். ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயர் வழக்கமாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது. ஆண்களின் உயிரணுவிலுள்ள ஒய் குரோமோசோமும் அப்படியே வருகிறது அல்லவா? லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களை ஆராய்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்மித்துகளிடம் பலவகை ஒய் குரோமோசோம்கள் காணப்பட்டன. ஆட்டன்பரோக்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரிடம் ஒரே வகை! அவர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தோர் என்பது விளங்குகிறது. எஞ்சியோர் வேறுபடுவதற்குத் தத்தெடுத்தல், தாயின் பெயரை ஏற்றல் போன்றவை காரணமாகலாம்.

அப்படியானால், அந்த மூதாதை மற்றவரைவிட உயர்ந்தவரா? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு தாளில் 20 பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். விழும் தலைகளின் எண்ணிக்கையே மகன்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு மகனுக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன்தான். ஆனாலும் ஐந்தாம் தலைமுறைக்குள் ஏறத்தாழ 12 பெயர்களும், பத்தாம் தலைமுறைக்குள் 15 பெயர்களும் மறைந்துபோகும்! எஞ்சிய பெயர்கள் பெருகியிருக்கும்.

குடும்பப் பெயர்கள் மறைவது குறித்து 1873இல் பிரான்சிஸ் கால்டன் எழுப்பிய வினாவிலிருந்து வளர்ந்த கணிதம் இது. அணு உலையில் நியூட்ரான்களின் தொடர்வினை நீடிக்குமா, அணைந்துவிடுமா என்று கணிக்கவும் இதுவே உதவுகிறது.

மாணவர்களே, உங்கள் தாளில் மறைந்த பெயர்கள் என்ன குற்றம் செய்தன? ஒன்றுமில்லை. பிழைத்த பெயர்களும் எதையும் சாதித்துவிடவில்லை. குலப்பெருமை பேசுவோரிடம் இந்த இரண்டு நாணயங்களைக் கொடுத்துச் சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.